சம்பந்தி கேட்ட சிவப்பு

"இன்னைக்கும் அரக்குதான்" என்றார் ராஜவேலு, கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

"அதை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க. தோசை ஊத்திகினு இருக்கேன்" என்றாள் அவர் மனைவி அபிதகுசாம்பாள்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களில் ராஜவேலுவின் கண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. தறிக்காரர்கள் விரல் நீள நூலைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் புது நூலையும் பழைய நூலையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. அப்பேர்ப்பட்ட கண் இரண்டு மாதமாகத் தினமும் காலையில் அவருடைய சொந்த மூத்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் தருமன் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். மாத்திரையோடு ஒரு பாட்டில் நீல மருந்தும், ஒரு ஸ்பிரிட் விளக்கும், சில கண்ணாடிக் குழாய்களும் கொடுத்தனுப்பினார். நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் உடனே டாக்டரிடம் ஓடிவர வேண்டும்.

"தினமும் இன்ன கலருன்னு எழுதி வெச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராஜவேலுவுக்கு அது அவமானமாகப் பட்டது. பச்சை என்று எழுதினால் எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மாந்தளிர் முற்றிய பச்சையா? அதனால் அவர் எழுதவில்லை. குழாய்களையே தக்கை போட்டு மூடி, மரத் தாங்கியில் வரிசையாகச் செருகி, வீட்டையொட்டிய சாயப் பட்டறையின் ஜன்னலில் வைத்துவிட்டார். அடியில் படிந்த வண்டலைக் காலையில் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். எல்லாம் அரக்குச் சிவப்பு; அது செங்கல் இல்லை என்பது அவர் கட்சி. நடுநடுவே ஆரஞ்சு. சாயந்திரம் கடைவீதிப் பக்கம் போகும்போது அவர் கால்கள் ஜாங்கிரிக் கடையில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவது அபிதகுசாம்பாளுக்குத் தெரியும். கேட்டால், "வாசனை மட்டும்தான் பாத்தேன்" என்பார்.

அந்த வாரம் டாக்டரிடமிருந்து ஒரு புது வார்த்தை கிடைத்தது. வேலூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்திருந்தது.

"மக்னீசியம் கொறைச்சலா இருக்குதுங்க" என்றார் டாக்டர் தருமன்.

"மக்னீசியமா? அது மத்தாப்புல போடறதாச்சே!"

"உடம்புலயும் இருக்குது. சர்க்கரை ரத்தத்துலயே நின்னுடாம உள்ள போகணும் இல்ல? இன்சுலின் அந்த வேலையைச் செய்யறதுக்கு மக்னீசியமும் கூட நிக்கணும். உங்களுக்கு மூத்திரத்துல சர்க்கரை போகும்போது அதுவும் சேர்ந்து போயிடுது. ராத்திரில கெண்டைக்கால் இழுத்துக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் அது காரணமா இருக்கலாம். கீரை, கேழ்வரகு, எள்ளு, கொள்ளு இதெல்லாம் சேர்த்துக்குங்க. அது ஒரு கை குடுக்கும், அவ்ளோதான். மாத்திரையும் நடையும் வாயைக் கட்டறதும்தான் முக்கியம்."

வெளியே கூட்டம் நெருக்கியது. ராஜவேலு எழுந்து வரும்போது காதில் தங்கியது ஒரே வார்த்தை. கீரையும் நடையும் டாக்டர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டன.

வழியெல்லாம் யோசித்தார். அவருக்குத் தொழில் புத்தியில் சட்டென்று பிடிபட்டது. சாயம் நூலைப் பிடிக்கப் படிகாரம் போடுகிறோம். படிகாரம் இல்லையென்றால் எத்தனை சாயம் கொட்டினாலும் தண்ணீரோடு போய்விடும். இந்த மக்னீசியம் உடம்புக்குப் படிகாரம். இதைச் சொல்ல டாக்டருக்கு இவ்வளவு நேரமா?

மருந்துக் கடையில் போய் நின்றார். "மக்னீசியம் இருக்குதா?"

கடைக்காரர் நாலு பேருக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து நீட்டினார். "மில்க் ஆஃப் மெக்னீசியா. ரெண்டு ஸ்பூன் போதும்."

ஸ்பூன் கணக்கெல்லாம் சின்ன உடம்புக்காரர்களுக்கு என்று ராஜவேலு முடிவு செய்தார். அண்டாவுக்கு யாராவது படிகாரத்தை ஸ்பூனால் அளப்பார்களா? கால் பாட்டிலை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் முழுக்க அவர் பட்டறைப் பக்கமே வரவில்லை. கொல்லைப்புறத்துக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் நடந்த நடையே டாக்டர் சொன்ன நடையைவிட அதிகம். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் குழாயைக் காய்ச்சியவர் ஓவென்று கத்தினார்.

"அபிதா! ஓடியா! பச்சை! அசல் பாசிப்பச்சை!"

அவள் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். "பட்டினி கெடந்து சுருண்டுகினு இருந்தா பச்சை வராம பின்ன இன்னா வரும்?"

"போடி. இது மக்னீசியத்தோட வேலை."

பச்சைக் குழாய் வரிசையின் கடைசியில், அரக்குக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டுச் சொந்தக்காரரைப் போல ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகள் கண்ணகியைப் பெண் பார்க்கச் செய்யாறிலிருந்து வருவதாக இருந்தது. பையன் கூட்டுறவு பாங்கில் வேலை. செய்யாறு பஸ்ஸில் கண்ணகி அவனைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அவனும் பார்த்திருக்கிறான். தரகர் அந்த ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது தற்செயல் அல்ல என்பது கண்ணகிக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். பையன் தங்கம். அப்பா வேணுகோபால்தான் கொஞ்சம் பேஜார் பிடித்த மனிதர் என்று தரகரே எச்சரித்தார். ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டார். ஏற்கெனவே மூன்று வீட்டைத் தள்ளிவிட்டார். ஒரு வீட்டில் நாய் அவரைப் பார்த்துக் குரைத்துவிட்டதாம்.

ராஜவேலுவுக்கு அன்றைக்குப் பாயசம் சாப்பிட வேண்டும் என்று ஆசை. சம்பந்தி எதிரில் 'எனக்குச் சர்க்கரை' என்று எப்படிச் சொல்வது? பச்சை வந்தாயிற்று. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் நீலம். நீலம் வந்துவிட்டால் பாயசத்தைப் பயமில்லாமல் சாப்பிடலாம். ஞாயிறு விடிந்ததும் மிச்சப் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டார்.

செய்யாறுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கொல்லைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.

"எங்க, வீட்டுக்காரரைக் காணோம்?" என்றார் வேணுகோபால், உட்காருவதற்கு முன்பே.

"பட்டறையில இருக்காருங்க. சாயம் கொதி வந்துடுச்சு. விட்டுட்டு வர முடியாது" என்றாள் அபிதகுசாம்பாள்.

"அப்படியா? நான் சாயம் போடறதைப் பாத்ததே இல்ல. வாங்க, எல்லாருமே அங்க போவோம்."

தடுக்க வழியில்லை. போனார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது. அண்டாவில் தண்ணீர்கூட இல்லை. ஆளும் இல்லை.

"தண்ணி எடுத்தார ஆத்துக்குப் போயிருப்பாரு" என்றாள் அபிதகுசாம்பாள். காமண்டல நாகநதியில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வேணுகோபால் அதைக் கவனிக்கவில்லை. அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது, வரிசையா?"

அபிதகுசாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அது... மாதிரிங்க."

"கலர் மாதிரியா?"

"ஆமாங்க."

பொய் என்று சொல்ல முடியாது. டாக்டரும் அதை மாதிரி என்றுதான் சொல்வார்.

"எங்க வாங்கறீங்க இதெல்லாம்?"

"வாங்கறதில்லீங்க. எங்க வீட்டுக்காரரே..."

"சொந்தத் தயாரிப்பா! பேஷ்! தினம் செய்யறாரா?"

"காலைல எழுந்ததும் மொதல் வேலை அதுதாங்க."

"தொழில் பக்தின்னா அது!" என்று வேணுகோபால் மனைவி விருத்தாம்பாள் பக்கம் திரும்பினார். விருத்தாம்பாள் முப்பது வருஷப் பழக்கத்தில் தலையை ஆட்டினாள். அவர் ஜன்னலை நோக்கி விரலை நீட்டினார். "அதுல ஒரு செவப்பு இருக்குது பாருங்க. அதான் கலரு! நிச்சயத்துக்கு என் மருமவளுக்கு அதே செவப்புல பட்டுப் பொடவை நெய்யணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம். ஆனா ஒரு நூல் மாறக்கூடாது. கலர் விஷயத்துல என் கண்ணு பொல்லாதது."

மருமகள் என்ற வார்த்தையைக் கேட்டுக் கதவோரம் நின்ற கண்ணகிக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே திக்கென்றது. வேணுகோபால் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாசனை எப்படி இருக்குதுன்னு..." என்று தக்கைப் பக்கம் கையை நீட்டினார்.

"மாமா, வேணாம்!" என்று பாய்ந்தாள் கண்ணகி. "காத்துப் பட்டா கலரு கெட்டுடும்."

"பொண்ணுக்கும் தொழில் தெரியுது!" என்றார் அவர் சந்தோஷமாக. சம்பந்தம் அங்கேயே முடிவானது.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு ராஜவேலு கொல்லையிலிருந்து அலசிப் பிழிந்த துணிபோல வந்து விழுந்தார். விஷயத்தைக் கேட்டவர் எழுந்து உட்கார்ந்தார்.

"செவப்பா? அங்க இருந்த செவப்பு என்னோட..."

"உங்களுதுதான்."

"சரி, அந்தக் குழாயை எடு. பாத்துப் பக்கத்துலயே வெச்சு நூலைப் போட்டுடறேன்."

"எல்லாத்தையும் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்" என்றாள் அபிதகுசாம்பாள். "சம்பந்தி மூக்கு வரைக்கும் போயிடுச்சு. அதுக்கப்பறமும் வெச்சுகினு இருப்பாங்களா?"

அடுத்த நாள் அவரை டாக்டரிடம் அவளே இழுத்துப் போனாள். டாக்டர் தருமன் காலிப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு ராஜவேலுவைப் பார்த்தார்.

"நான் சொன்னது கீரை. நீங்க குடிச்சது பேதி மருந்து. உடம்புல ஒட்டினதைவிட ஓடினதுதான் ஜாஸ்தி."

அன்றோடு சமையல்கட்டு அபிதகுசாம்பாளின் சர்க்கார் ஆனது. கேழ்வரகுக் களி. முருங்கைக்கீரை. கொள்ளு ரசம். எள்ளுத் துவையல். சாயந்திரம் ஆற்றங்கரை வரைக்கும் நடை, கூடவே அவளும், அதனால் ஜாங்கிரிக் கடைக்கு வழியே இல்லாமல் போயிற்று. வாரங்கள் போகப் போக அரக்கு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி நின்றுவிட்டது. கெண்டைக்கால் இழுப்பதும் நின்றது. "மக்னீசியமா, மாத்திரையா, உங்க வீட்டம்மாவா, யாருக்கு மாலை போடறதுன்னு தெரியல" என்று டாக்டரே சிரித்தார்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், ராஜவேலுவைத் தவிர. பொண்ணுக்குச் சிவப்பு வேண்டிய நேரத்தில் இவருக்குப் பச்சை வந்துகொண்டிருந்தது.

நினைவிலிருந்து நூலைப் போட்டுப் பார்த்தார். முதல் சிட்டம் நூல் கருத்துப்போனது. அடுத்தது குங்குமம். அதற்கடுத்தது காய்ந்த மிளகாய். எதிரே மாதிரி இருந்தால் கண் தவறாது. மனதில் இருக்கிற நிறமோ நாளுக்கு ஒன்றாக மாறியது. புடவை நெய்யத் தறியைக் காலியாக வைத்துக் காத்திருந்த தறிக்காரன் சடையன் தினமும் வந்து, "அண்ணா, நூலு?" என்று கேட்டுவிட்டுப் போனான். செய்யாறிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. 'செவப்பு சரியா இருக்கணும், சம்பந்தி மறந்துடப் போறாரு' என்று.

யாருக்கும் தெரியாமல் நீல மருந்தில் அடுக்களைச் சர்க்கரையை ஒரு கை போட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே கொதித்தது. இன்னொரு கை போட்டார். பாகுதான் வந்தது.

"கடையில வாங்கின சர்க்கரையை மதிக்கவே மாட்டேங்குது. உடம்பு வழியா வந்தாதான் மதிக்கும்போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

நூல் கணக்குப் பேசப் போவதாக அபிதகுசாம்பாளிடம் சொல்லிவிட்டு ஜாங்கிரிக் கடைக்குப் போனார். ஒரு காலத்தில் ஆசையாகத் தின்றதை இப்போது கடமையாகத் தின்றார். கண்ணகியின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். மறுநாள் வெறும் மஞ்சள். களியும் கீரையும் உள்ளே இருந்து சண்டை போடுகின்றன என்று நினைத்தார். மாத்திரையை நிறுத்தினார். அன்றைக்கு ஜாங்கிரியோடு மைசூர்பாகும் போயிற்று. ஆரஞ்சு. அடுத்த நாள் காலை குழாய்க்குள் சிவப்பு திரண்டு எழுந்தது. அதே சிவப்பு. அவர் சிரித்தார், அழுதார், குழாயைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். மதியத்துக்குள் நூல் முழுக்க நிறம் ஏறிவிட்டது. குழாயையும் நூலையும் வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

நூலைச் சடையன் கையில் கொடுத்தார். திரும்பும்போது பட்டறை ஒரு சுற்றுச் சுற்றியது. அண்டாவைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார்.

டாக்டர் தருமன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஏங்க, ஒரு சிட்டிகை குளுக்கோஸ் பவுடரை அந்த நீல மருந்துல போட்டுக் காய்ச்சியிருந்தா நிமிஷத்துல இதே செவப்பு வந்திருக்குமே!"

"சர்க்கரை போட்டேனே டாக்டர், வரலியே!"

"கடைச் சர்க்கரை வேற, ரத்தத்துல ஓடற சர்க்கரை வேற. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

ராஜவேலு போர்வையின் நூலை விரலால் பிரித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அபிதகுசாம்பாள்தான் வெடித்தாள். "செவப்பு, செவப்புன்னு உசுரை விட இருந்தீங்களே. நீங்க இல்லாம நான் எந்த நெறத்தைக் கட்டிகினு எங்க போய் நிக்கறது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த களிப் பாத்திரத்தை அவர் மடியில் டங்கென்று வைத்தாள். அவர் கடைசிக் கவளம் வரை தின்றார்.

நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் எல்லார் கண்ணும் புடவை மேல் இருந்தது. வேணுகோபால் புடவையை மடியில் வைத்து ஒரு மடிப்பைப் பிரித்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கண்ணுக்குக் கிட்டே வைத்தார். தூரத்தில் நீட்டினார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. கண்ணகி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் களி இறங்கின நாளிலிருந்து பச்சைக்குத் திரும்பியிருந்த ராஜவேலுவுக்கு அந்த நிமிஷத்தில் மறுபடி அரக்கு ஏறுவதுபோல இருந்தது.

"அதே செவப்பு!" என்று முழங்கினார் வேணுகோபால். "ஒரு நூல் மாறல! சம்பந்தி, உம்ம கண்ணு என் கண்ணு மாதிரியே!"

மேளம் கொட்டியது. தட்டு மாறியது. ராஜவேலு கூட்டத்திலிருந்து நழுவிப் பட்டறைக்குப் போய் அண்டாவோரம் உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். விருத்தாம்பாள் டம்ளரோடு பின்னாலேயே வந்தாள்.

"பாயசம் எடுத்துக்காம வந்துட்டீங்களே அண்ணா."

"வேணாம்மா. எனக்குச் சர்க்கரை இருக்குது" என்றார் ராஜவேலு. இனிமேல் யாரிடமும் மறைப்பதாக இல்லை. "உங்க வீட்டுக்காரரு கேட்ட அந்தச் செவப்பு இருக்குதே, அதைக் கொண்டார நான் பட்ட பாடு... எம்மாடி, உசுரு போயிட்டுத் திரும்பி வந்துச்சு."

விருத்தாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அடப் பாவமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சிருக்கக் கூடாதா அண்ணா? அவருக்குப் பொறவியிலயே செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும், அன்னைக்கு அவரு வெரலை நீட்டிக் காட்டினது அந்தக் கடைசியில இருந்த பச்சையை!"